அனாமத்துக் கணக்கும் ஓர் அடிக்கோடும்

போன பதிவு விடுதிச் சாம்பாரைப் பற்றி. இந்தப் பதிவு ஹாஸ்கெல் என்கிற கணினி மொழியைப் பற்றி. "பி.காம் படிக்கிற உனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேலை?" என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: இதில் 46,500 ரூபாய் சம்பந்தப்பட்டிருக்கிறது. அதுவும் என் தாய்மாமன் பணம். கோட்டை விட்டது நான். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். பொட்டி தட்டுகிற அண்ணன்மார், அக்காமார் யாராவது வழிதவறி இங்கே வந்திருந்தால், தப்பு கண்ட இடத்தில் பின்னூட்டத்தில் குட்டவும். தாங்கிக்கொள்வேன் :-)

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாஸ்கெல், ஓகேமல் போன்ற ஃபங்ஷனல் மொழிகளில் 'பேட்டர்ன் மேட்சிங்' என்று ஒன்று உண்டு. அழகாக இருக்கிறது, சுருக்கமாக இருக்கிறது, படிக்க எளிது என்று எல்லோரும் புகழ்வார்கள். என்னைக் கேட்டால் அதெல்லாம் இரண்டாம்பட்சம். எதை எழுத மறந்தோம் என்று அது நமக்குச் சொல்கிறதே, அதுதான் விஷயம். அந்த நன்மையை ஒரே ஒரு எழுத்தைத் தட்டி நாமே கெடுத்துக்கொள்ளலாம். அந்த எழுத்து '_'. அடிக்கோடு. நம் சொந்தக் கணக்குக்கு நாமே எழுதும் வகைகளில் இந்த அடிக்கோட்டைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

எக்செல்லில் இருந்து தொடங்குவோம்

நம் கூட்டத்துக்குத் தெரிந்த புரோகிராமிங் எக்செல்தான். அதில் 'இஃப்' ஃபார்முலா போடாதவர் கிடையாது. இஃபுக்குள் இஃப், அதற்குள் இன்னொரு இஃப். எக்செல் 2003 வரை ஏழு அடுக்குதான் போக முடியும். 2007 பதிப்பில் இருந்து 64 அடுக்கு வரை விட்டார்கள். 64 அடுக்கு எழுதி, அதில் அடைப்புக்குறியையும் சரியாக மூடியவர் யாராவது இருந்தால் காலில் விழத் தயார்.

இந்த இஃப் என்ன செய்கிறது? வரிசையாகக் கேள்வி கேட்கிறது. இது ரொக்கமா? ஆம் என்றால் இந்தப் பக்கம் போ. இல்லையா? சரி, இது செக்கா? ஆம் என்றால் அந்தப் பக்கம் போ. இல்லையா? மிச்சமெல்லாம் கடைசிப் பக்கம். பொட்டி தட்டுகிறவர்கள் 'கன்ட்ரோல் ஃப்ளோ' என்று சொல்வது இதைத்தான். அடுத்து எந்த வரி ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற சமாச்சாரம்.

இதில் ஒரு குறை. மொத்தம் எத்தனை வகை இருக்கிறது என்பது ஃபார்முலாவில் எங்கேயும் எழுதப்படவில்லை. அது எழுதியவர் மண்டைக்குள் மட்டும் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அவர் மண்டைக்குள்ளும் இருக்காது.

ஹாஸ்கெல் என்ன செய்கிறது?

நான் ஹாஸ்கெல் பக்கம் போனது அறைத்தோழனால். அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ். சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த மாதவன் முகுந்த், எஸ்.பி.சுரேஷ் இருவரும் நடத்திய என்பிடெல் பாடத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி ஓசியில் பார்த்தவன் நான்.

இந்த மொழியில் முதல் வேலை, வகைகளைப் பட்டியல் போடுவது. மாமா கடைக்கு வருகிற வசூல் எந்தெந்த வழியில் வரும்? இப்படி எழுதலாம்:

வழி = ரொக்கம்
| யூபிஐ எண்
| செக் எண்
| பின்தேதிச்செக் எண் தேதி

நடுவில் இருக்கும் நெட்டைக் கோட்டை 'அல்லது' என்று படிக்கவும். வழி என்பது ரொக்கம், அல்லது ஓர் எண்ணோடு வரும் யூபிஐ, அல்லது ஓர் எண்ணோடு வரும் செக், அல்லது எண்ணும் தேதியும் சேர்ந்து வரும் பின்தேதிச் செக். இந்த நான்கைத் தவிர ஐந்தாவது ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. இது கம்ப்யூட்டருக்கும் தெரியும்.

(ஒரு சின்ன விளக்கம். மேலே இருப்பது படிப்பதற்காகத் தமிழில் எழுதியது. அப்படியே ஓட்ட முடியாது. ஹாஸ்கெல்லில் இந்த வகைப் பெயர்கள் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? என்னுடைய அசல் புரோகிராமில் இவை ஆங்கிலப் பெயர்கள்.)

அடுத்து, ஒவ்வொரு வகைக்கும் என்ன செய்வது என்று ஒவ்வொரு வரி எழுதுகிறோம். செக் கமிஷன், ரசீதில் என்ன அச்சடிப்பது, எந்தப் பேரேட்டில் ஏற்றுவது என்று எதுவானாலும் இதே பாணிதான்:

ரசீது ரொக்கம் = "ரொக்கமாகப் பெற்றோம்"
ரசீது (யூபிஐ எண்) = "யூபிஐ, குறிப்பெண் " ++ எண்
ரசீது (செக் எண்) = "செக் எண் " ++ எண்
ரசீது (பின்தேதிச்செக் எண் தேதி) = "செக் எண் " ++ எண் ++ ", தேதி " ++ தேதி

இங்கே இஃப் எங்கே போச்சு? காணோம். கையில் வந்த பொருளின் உருவத்தை வைத்தே எந்த வரி என்று முடிவாகிறது. மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் எது பொருந்துகிறதோ அந்த வரி. பொருந்தும்போதே உள்ளே இருக்கும் எண்ணையும் தேதியையும் உருவிக் கையில் கொடுத்துவிடும். ரொக்கத்துக்கு எண் கிடையாது என்பதால், ரொக்க வரியில் எண்ணைக் கேட்க நினைத்தாலும் முடியாது.

ஹாஸ்கெல் ஒரு சோம்பேறி மொழி என்பார்கள். நான் திட்டவில்லை, அதன் பெயரே அதுதான். ஒரு மதிப்பு தேவைப்படும்வரை அது கணக்கே போடாது. எப்போது தேவைப்படும்? பெரும்பாலும் ஏதாவது ஒரு பேட்டர்ன், 'நீ எந்த வகை, உருவத்தைக் காட்டு' என்று கேட்கும்போது. ஆக, பேட்டர்ன் மேட்சிங் இங்கே வெறும் கிளை பிரிக்கிற வேலை மட்டும் செய்வதில்லை. உள்ளே படுத்துக் கிடக்கும் கணக்கைத் தட்டி எழுப்புவதும் அதுதான்.

லூப்புக்கும் இதே வைத்தியம்தான். ஹாஸ்கெல்லில் ஃபார் லூப், வைல் லூப் எதுவும் மொழியோடு வருவதில்லை. ஒரு பட்டியல் என்றால் என்ன? ஒன்று, காலியாக இருக்கும். அல்லது முதலில் ஓர் ஆளும் பின்னால் மீதிப் பட்டியலும் இருக்கும். இரண்டே உருவம், இரண்டே வரி:

கூட்டு [] = 0
கூட்டு (முதல் : மீதி) = முதல் + கூட்டு மீதி

காலிப் பட்டியலின் கூட்டுத்தொகை சுழி. இல்லாவிட்டால் முதல் எண்ணோடு மீதியின் கூட்டுத்தொகையைச் சேர். அவ்வளவுதான். முதல்முறை பார்த்தபோது, 'இது எப்படிய்யா ஓடும்?' என்றுதான் எனக்கும் தோன்றியது. ஓடுகிறது. காரணம், ஒவ்வொரு தடவையும் பட்டியலில் ஓர் ஆள் குறைகிறார். கடைசியில் முதல் வரிக்கு வந்து சேர்ந்தே ஆகவேண்டும்.

இந்த யோசனை நேற்று முளைத்ததல்ல. ராட் பர்ஸ்டால் என்ற பிரிட்டிஷ் அறிஞர், தரவின் உருவத்தை வைத்தே புரோகிராம் சரி என்று நிரூபிப்பது எப்படி என 1969இல் ஒரு கட்டுரை எழுதினார். எடின்பரோவில் அவரும் டேவிட் மெக்குவீன், டான் சன்னெல்லா ஆகியோரும் சேர்ந்து 1980இல் ஹோப் என்ற மொழியை வெளியிட்டார்கள். மேலே நான் எழுதிய மாதிரி வகைகளைப் பட்டியல் போடுவதும், வகைக்கு ஒரு வரி எழுதுவதும் அதிலேயே இருந்தன. அதே ஊரில் ராபின் மில்னர் குழு உருவாக்கிய எம்எல் மொழியும் இந்த முறையை எடுத்துக்கொண்டது. 1990இல் வந்த ஹாஸ்கெல்லும், 1996இல் வந்த ஓகேமலும் அந்த வழியில் வந்தவைதான்.

விடுபிழை

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். பதினொன்றாம் வகுப்பு கணக்குப்பதிவியல் ஞாபகம் இருக்கிறதா? இருப்பாய்வு போட்டுப் பற்றும் வரவும் சமமாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று சொல்ல முடியாது என்று தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏன்? ஒரு நடவடிக்கையை முழுசாகவே எழுதாமல் விட்டுவிட்டால், பற்றிலும் இருக்காது, வரவிலும் இருக்காது. இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும். இதற்குப் பெயர் விடுபிழை. இருப்பாய்வு கண்டுபிடிக்க முடியாத பிழைகளில் இது முதலாவது.

எழுதியதில் தப்பு இருந்தால் தேடிப்பிடிக்கலாம். எழுதாததை எங்கே போய்த் தேடுவது?

பேட்டர்ன் மேட்சிங் உள்ள மொழியின் கம்பைலர் இதைத்தான் தேடித் தருகிறது. நான்கு வகை என்று நான் முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறேன் அல்லவா? ரசீது என்ற ஃபங்ஷனில் மூன்றுக்குத்தான் வரி எழுதியிருந்தால், புரோகிராம் ஓடுவதற்கு முன்னாலேயே 'பின்தேதிச் செக்குக்கு வரி இல்லை' என்று பெயர் சொல்லி எச்சரிக்கும். வெறுமனே தப்பு என்று சொல்லாது. எது விட்டுப்போனதோ அதையே எழுதிக் காட்டும். இதை எப்படிச் சரியாகக் கணக்கிடுவது என்று லுக் மரான்ஜே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 2007இல் ஒரு முழுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

ஹாஸ்கெல்லில் ஒரு குறை, இந்த எச்சரிக்கையை நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். 'எல்லா எச்சரிக்கையும் காட்டு' என்ற விசையைப் போட்டால்தான் வரும். ஓகேமல் கேட்காமலே சொல்லும். ரஸ்ட் மொழி இன்னும் கறார். எச்சரிக்கை எல்லாம் கிடையாது, எல்லா வகைக்கும் வரி எழுதும்வரை கம்பைலே ஆகாது.

இது செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். செய்பிழையை இது பிடிக்காது. ரொக்க வரியில் 'செக்' என்று நான் தப்பாக அச்சடித்தால் கம்பைலர் வாயைத் திறக்காது. விடுபிழைக்கு மட்டும்தான் இந்தத் தணிக்கையாளர்.

மாமா கடைக் கதை

மாமாவுக்கு விருதுநகர் பக்கம் மளிகை மொத்த வியாபாரம். சுற்றுவட்டாரச் சின்னக் கடைகளுக்குச் சரக்கு போகும், பணம் பின்னால் வரும். கடைப் பையன் வசூலை எக்செல்லில் ஏற்றுவான். அதை எடுத்து யார் யார் எவ்வளவு பாக்கி என்று வாராவாரம் பட்டியல் தரும் ஒரு புரோகிராமை விடுமுறையில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு குட்டி ஃபங்ஷன். வந்த வசூலைப் பாக்கியில் இருந்து கழிக்கலாமா, கூடாதா? பின்தேதிச் செக் மட்டும் பணமாகும்வரை கழிக்கக் கூடாது. மற்ற எல்லாம் கழிக்கலாம். நான் எழுதியது:

கழிக்கலாமா (பின்தேதிச்செக் எண் தேதி) = இல்லை
கழிக்கலாமா _ = ஆம்

அந்த அடிக்கோட்டுக்கு 'வேறு எதுவானாலும்' என்று பொருள். மூன்று வரி எழுத வேண்டிய இடத்தில் ஒரே வரி. எழுதும்போது என்ன ஒரு பெருமிதம்! அறைத்தோழனைக் கூப்பிட்டு வேறு காட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, செக் திரும்பி வந்தால் அதைத் தனியாகக் காட்டு என்றார் மாமா. பட்டியலில் ஐந்தாவதாக ஒரு வகை சேர்த்தேன்: திரும்பியசெக் எண் காரணம். உடனே கம்பைலர் நான்கு இடங்களைக் காட்டி, இங்கே திரும்பிய செக்குக்கு வரி இல்லை என்றது. நான்கையும் சரிசெய்தேன். அறிக்கையில் 'திரும்பிய செக்குகள்' என்று தனித் தலைப்பெல்லாம் அழகாக வந்தது. மாமாவுக்குச் சந்தோஷம்.

ஐந்தாவது இடம் ஒன்று இருந்தது. கழிக்கலாமா. அங்கே கம்பைலர் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? 'வேறு எதுவானாலும் ஆம்' என்று நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேனே. திரும்பிய செக்கும் 'வேறு எது'வில் அடக்கம். ஆக, பணம் வராத செக்கைப் பணம் வந்ததாக வைத்து, பாக்கியில் கழித்துக்கொண்டே இருந்தது என் புரோகிராம்.

ஜூன் இரண்டாம் வாரம் ஒரு கடைக்காரர் கொடுத்த 46,500 ரூபாய் செக், கணக்கில் பணம் போதவில்லை என்று திரும்பியது. பையன் ஒழுங்காகத்தான் ஏற்றியிருந்தான். பாக்கிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே சுழி. மாமா பார்ப்பது பாக்கிப் பட்டியலைத்தான். சுழி என்பதால் மேலும் சரக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்தவருக்குத் தெரியும், சொல்வாரா? செப்டம்பர் கடைசியில் அரையாண்டுக் கணக்கு பார்க்கும்போது கணக்குப்பிள்ளை தாத்தாதான் தன்னுடைய பேரேட்டையும் என் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவு நமக்குப் பாடத்திலேயே இருக்கிறது. செக் திரும்பிய தகவல் வங்கியில் இருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. மறுபடி வங்கியில் போடலாம் என்றால் செக்குக்கு ஆயுள் மூன்று மாதம், அதுவும் முடிந்துவிட்டது. பாக்கிக்காக சிவில் வழக்குப் போடலாம்தான். அந்தத் தொகைக்கு யார் கோர்ட் படி ஏறுவது? மாமா நேரில் போய்ப் பேசி மூன்று தவணையாக வாங்க ஏற்பாடு செய்தார். இரண்டு வந்துவிட்டது. மூன்றாவது இன்னும் வரவில்லை.

மாமா திட்டவில்லை. "ஏன் மாப்ளே, செக்கு திரும்புச்சுன்னு அந்தப் பக்கத்துல போட்டிருக்க, இந்தப் பக்கத்துல பாக்கி இல்லேங்குற. ரெண்டையும் நீதான எழுதுன?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

கணக்குப்பிள்ளைத் தாத்தாவிடம் அந்த அடிக்கோட்டைக் காட்டி விளக்கினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது அனாமத்துத் தலைப்புல்ல தம்பி? இதுக்குள்ள எது வந்து உக்காந்தாலும் கேக்க ஆள் இருக்காது" என்றார்.

அனாமத்து

அவர் சொன்னது அச்சு அசலாகச் சரி. இருப்பாய்வு சமமாகாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைக்கிறோம். தற்காலிகமாக. பிழையைக் கண்டுபிடித்ததும் அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும். அனாமத்துக் கணக்கை வருஷக்கணக்கில் தூக்கிச் சுமக்கும் நிறுவனத்தைத் தணிக்கையாளர் சும்மா விடுவாரா? ஆனால் புரோகிராமில் நாம் எழுதும் அடிக்கோடு நிரந்தரம். அதை முடித்து வைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

இதிலும் மோசமானது, அடிக்கோடு இன்றைக்கு இருக்கும் வகைகளுக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. நாளைக்கு வரப்போகும் வகைகளுக்கும் இப்போதே பதில் எழுதிவிடுகிறது. நான் அந்த வரியை எழுதிய அன்று திரும்பிய செக் என்ற வகையே இல்லை. இல்லாத ஒன்றைப் பற்றி 'ஆம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சொந்தக் கதை போதும், ஊரறிந்த உதாரணத்துக்கு வருவோம். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது முக்கிய விகிதங்கள் 5, 12, 18, 28. 2025 செப்டம்பர் 22 முதல், 12இலும் 28இலும் இருந்த பொருள்களில் பெரும்பாலானவை 5க்கும் 18க்கும் மாறின. சிலவற்றுக்கு 40 என்று புதிய விகிதம் வந்தது. விகிதங்களை ஒரு வகைப் பட்டியலாக எழுதி, ஒவ்வோர் இடத்திலும் பெயர் சொல்லி வரி எழுதியவர் என்ன செய்திருப்பார்? நாற்பதைப் பட்டியலில் சேர்த்திருப்பார். எங்கெல்லாம் மாற்ற வேண்டும் என்று கம்பைலரே விலாசம் கொடுத்திருக்கும். "5, 12, 18 தவிர மற்றதெல்லாம் 28" என்று கடைசியில் ஓர் அடிக்கோடு போட்டவருக்கு? ஒரு சத்தமும் வந்திருக்காது. 40 போட வேண்டிய பொருளுக்கு 28 போட்டு பில் அழகாக அச்சாகியிருக்கும்.

ஓகேமல் மொழியைச் செய்தவர்களுக்கு இது தெரிந்தே இருக்கிறது. அதில் நான்காம் எண் எச்சரிக்கை என்று ஒன்று உண்டு. 'இந்த வகைப் பட்டியலில் நாளை புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் இந்த இடத்தில் நான் எதுவும் சொல்ல மாட்டேன், பார்த்துக்கொள்' என்று சொல்கிற எச்சரிக்கை. என் வியாதிக்கு எழுதி வைத்த மருந்து. ஆனால் அது இயல்பில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. போட்டால் எல்லாப் புரோகிராமிலும் கத்தித் தீர்க்கும் போல, அந்த அளவுக்கு எல்லோருக்கும் அடிக்கோட்டில் ஆசை.

மறுத்துப் பேசுவோருக்கு

அறைத்தோழன் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தான். அவன் சொன்னதில் நியாயம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. "முப்பது வகை இருந்தால் முப்பது வரியா எழுதுவாய்?" ஆமாம், எழுதுவேன். ஒரே பதில் உள்ள வகைகளை ஒரே வரியில் பெயர் சொல்லிச் சேர்த்தெழுத ஓகேமலில் எப்போதோ வழி இருக்கிறது. ஹாஸ்கெல்லின் ஜிஎச்சி கம்பைலரிலும் 2024 டிசம்பரில் வந்த 9.12 பதிப்பில் அதற்கு வசதி வந்துவிட்டது. பெயரைச் சொல்லிச் சேர்த்தால் பிரச்சினை இல்லை. பெயர் சொல்லாமல் சேர்ப்பதுதான் பிரச்சினை.

இரண்டு. "எண்களுக்கும் எழுத்துச் சரங்களுக்கும் என்ன செய்வாய்?" இது உண்மையான மறுப்பு. கடைப் பையன் எக்செல்லில் 'செக்' என்றும் அடிப்பான், 'செக்கு' என்றும் அடிப்பான், 'ஸெக்' என்றும் அடிப்பான். எழுத்துச் சரங்களுக்கு முடிவே இல்லை. அங்கே அடிக்கோடு வேண்டும். ஆனால் அந்த அடிக்கோட்டின் வலப்பக்கத்தில் 'ரொக்கம் என்று வைத்துக்கொள்' என்று எழுதக் கூடாது. 'புரியவில்லை, இந்த வரியைப் பார்' என்று எழுத வேண்டும். வாசலிலேயே ஆளை நிறுத்தி, யார் என்று கேட்டுவிட்டால் உள்ளே வந்த பிறகு எல்லாம் பெயர் தெரிந்த வகைகள்தான்.

மூன்று. "வரி விட்டுப்போய், எச்சரிக்கையையும் கவனிக்காமல் விட்டால் புரோகிராம் பாதியில் செத்துவிடுமே?" சாகட்டும். பொருந்துகிற வரி இல்லையென்றால் ஹாஸ்கெல், எந்த ஃபங்ஷனில் என்று சொல்லிவிட்டுத்தான் சாகும். ஜூன் மாதமே என் புரோகிராம் செத்திருந்தால் மாமா எனக்கு போன் போட்டிருப்பார். நோட்டீஸ் அனுப்ப 30 நாள் கையில் இருந்திருக்கும். அது சாகாமல், சிரித்த முகத்தோடு தப்பான விடையைக் கொடுத்துக்கொண்டிருந்ததுதான் வினையாகிவிட்டது.

இதே பழக்கம் மற்ற மொழிகளுக்கும் பரவிக்கொண்டிருப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பைத்தான் 3.10 பதிப்பில், 2021இல், மேட்ச் என்ற கட்டளை வந்தது. ஆனால் எந்த வகையும் பொருந்தாவிட்டால் பைத்தான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். உருவத்தை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 2023இல் வந்த ஜாவா 21 பரவாயில்லை. அதன் புதிய பேட்டர்ன் ஸ்விட்சில் எல்லா வகைக்கும் வழி சொல்லாவிட்டால் கம்பைல் ஆகாது. ஆனால் அங்கேயும் 'டிஃபால்ட்' என்று ஒன்று இருக்கிறது. அடிக்கோட்டின் பங்காளி.

காமர்ஸ் மாணவர்கள் எல்லோரும் ஹாஸ்கெல் படியுங்கள் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உதைப்பீர்கள். ஆனால் கணக்கு என்பதே இது எந்த வகை, எந்தத் தலைப்பில் போகும் என்று தீர்மானிக்கிற வேலைதானே? வகைகளை முழுசாகப் பட்டியல் போட்டு, எது விட்டுப்போனது என்று சொல்லும் கருவி ஒன்று இருப்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் எக்செல் ஃபைலைத் திறந்து, இஃப் ஃபார்முலாவின் கடைசிக் காற்புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அங்கே ஒரு தொகையோ 'ஆம்' என்றோ இருந்தால், அதை எடுத்துவிட்டு 'பார்க்கவும்' என்று போட்டு ஓட்டிப் பாருங்கள். எத்தனை இடத்தில் 'பார்க்கவும்' வருகிறது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

என் புரோகிராமில் மொத்தம் ஏழு அடிக்கோடு இருந்தது. ஆறை எடுத்துவிட்டேன். ஏழாவது, பையன் தப்பாக அடித்ததைப் பிடிக்கிற வாசல்காரன். அவன் இருக்கட்டும்.

பி.கு: மூன்றாவது தவணை 15,500 ரூபாய். வந்ததும் இங்கேயே ஒரு வரி எழுதுகிறேன். அதுவரை பாக்கிப் பட்டியலில் அந்தக் கடைக்காரர் பெயருக்கு நேரே சுழி இல்லை. சரிபார்த்துவிட்டேன்.